கோவைக்கொடி திறக்கும் வெர்ஷன்

எங்கள் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டரைப் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றால் மூடி வைத்திருந்தேன். நூல் கோன் அடுக்கும் அறையின் மூலையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அது கிடந்தது. பழைய இரும்புக்காரர் வண்டியோடு வரும்போதெல்லாம் பாய் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

"போட்ரலாமா?"

"இருக்கட்டுங்க பாய்."

"அப்படி என்னதான் இருக்குது அதுல? புதையலா?"

"இல்லீங்க. எதுக்கும் இருக்கட்டும்னுங்க."

என் வாழ்க்கை முழுவதும் இந்த 'எதுக்கும் இருக்கட்டும்'தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்த பிறகு, கேஸை அணைத்தோமா என்று திரும்பி ஓடுகிறவள் நான். நல்ல வெயில் காலத்திலும் என் பையில் குடை இருக்கும்.

பாய் எங்கள் முதலாளி. திருப்பூர் மண்ணரையில் அவருக்குச் சின்னதாக ஓர் எம்ப்ராய்டரி கம்பெனி. பனியன் கம்பெனிகளிலிருந்து வெட்டிய துணி எங்களுக்கு வரும். அதில் பூவோ எழுத்தோ பொம்மையோ போட்டுத் திருப்பி அனுப்புவோம். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து சொல்வதற்குப் பஞ்சிங் என்று பெயர். அது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கணியூர்ப் பக்கத்திலிருந்து அம்மாவோடு திருப்பூருக்கு வந்தேன். தையல் மிஷின்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்தேன். பிறகு செக்கிங் மேசை. அங்கிருந்து கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தது பாயின் மனைவி, பாயம்மா.

முன்பு பஞ்சிங் செய்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டிருந்தார். "யாரையாச்சும் படிச்சவங்களாப் பாக்கலாம்" என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாயம்மா செக்கிங் மேசைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் புள்ளையை உக்கார வைங்க. ஒரு பீஸை மூணு தடவை திருப்பிப் பாத்துட்டுத்தான் உடறா. பயந்தாங்கொள்ளி. பயப்படறவதான் பாத்துச் செய்வா."

அப்படித்தான் அந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உறவு வந்தது. காலையில் பட்டனை அமுக்கினால் அது ஒரு ராகம் போடும். பச்சை மேடும் நீல வானமும் திரையில் வரும். பின்னால் பெரிய வயிறு வைத்த டிவி மாதிரியான திரை. அது சூடானதும் அயர்ன் மாஸ்டர் தன் டீ கிளாஸை அதன் தலையில் கொண்டுவந்து வைப்பார். ஆறாமல் இருக்குமாம். டீ கொட்டிவிடுமோ என்று ஒரு கண்ணை மேலேயும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்து நான் வேலை பழகினேன். திரையில் இங்கிலீஷில் ஏதாவது பெட்டி வந்தால் எழுந்து நின்றுவிடுவேன். போகப் போக அந்தப் பெட்டிகளை முகத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை. சிவப்பு வட்டம் என்றால் கையை எடுத்துவிட்டு யாரையாவது கூப்பிட வேண்டும்.

டிசைனைப் பிளாப்பியில் ஏற்றி மிஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் மிஷின் அப்போது பக்கத்துத் தெருவில் இருந்தது. காந்தம் பட்டால் பிளாப்பியில் இருப்பது அழிந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். கோயில் திருவிழா சமயத்தில் ஒலிபெருக்கி கட்டாத சந்தாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போவேன். டிபன் பாக்ஸ் பையில், தயிர்சாதத்துக்கு எட்டாத உயரத்தில், ஒரு கைக்குட்டைக்குள் பிளாப்பி இருக்கும். இன்றைக்கு ஒரு டிசைன் போனிலேயே மிஷினுக்குப் போய்விடுகிறது. நல்லதுதான். ஆனால் ஒரு பூவைப் பத்திரமாகக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்த அந்த நடை இப்போது இல்லை.

அந்த நாட்களில்தான் பாயம்மா கோவைக்கொடியை வரைந்தார்.

அவருக்குப் பெண் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்த சமயம். குழந்தைக்கு ஒரு கவுன் தைத்து, அதன் கீழ் விளிம்பில் போட ஏதாவது வேண்டும் என்றார். நான் கம்ப்யூட்டரில் இருந்த ரோஜா, மயில், அன்னம் எல்லாம் காட்டினேன். "இதெல்லாம் ஊருக்கே போட்டுக் குடுக்கறது" என்று தள்ளிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே கம்பெனியின் கம்பி வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தது. ஒரு கோன் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பில் போடும் பேனாவால் அந்தக் கொடியை அங்கேயே நின்றபடி வரைந்தார். ஐந்து முனையுள்ள இலைகள், சுருண்ட பற்றுக்கம்பிகள், நடுநடுவே பழுத்த கோவைப்பழம். கை ஓடியது ஓடியபடியே இருந்தது, எங்கேயும் நிற்கவில்லை.

அதைப் பஞ்சிங் செய்யப் பல நாள் ஆயிற்று. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மடியில் குழந்தை.

"அந்த எலை தூங்குது பாரு. எழுப்பு."

"எப்படிங்க எழுப்பறது?"

"நூலு கீழ பாத்துப் போவுது. மேல பாத்துப் போகச் சொல்லு. வெயிலு மேலதானே இருக்குது?"

ஒவ்வோர் இலைக்கும் நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டை நகர்த்தினால் இலை எழுந்துகொள்ளும். மௌஸைப் பிடித்த என் கைமேல் அவர் கையை வைத்து நகர்த்தியிருக்கிறார். கடைசியில் ஒரே ஓர் இலை மட்டும் நான் என்ன செய்தும் எழவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து அவர் அவசரமாக வீட்டுக்குப் போக, கவுன் அப்படியே மிஷினுக்குப் போய்விட்டது.

ஆயுத பூஜை அன்று எங்கள் கம்பெனியில் பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் பாய்தான் வாங்கிப் போடுவார். பூஜை நாங்கள் செய்வோம். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்று பொரி வாங்கிக்கொள்வார். சந்தனக் கிண்ணம் அயர்ன் மாஸ்டர் கையில். மிஷின், கத்தரி, அயர்ன் பெட்டி, தராசு, காலிங் பெல் வரைக்கும் அவர் விட மாட்டார். கம்ப்யூட்டர் திரைக்கு நெற்றியில் பொட்டு. மௌஸுக்கு முதுகில் பொட்டு. பிறகு கம்ப்யூட்டரின் ஆயுதம் எது என்று கேட்டார். சாப்ட்வேர் சிடியை எடுத்துக் காட்டினேன். பஞ்சிங் சாப்ட்வேரின் இரண்டாவது வெர்ஷன் சிடி அது. இது இல்லாவிட்டால் கம்பெனியே இல்லை என்றேன்.

அவர் உறையிலிருந்து எடுத்து, எழுத்து இருந்த பக்கத்தைப் பார்த்தார். திருப்பி, பளபளப்பான பக்கத்தைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது.

"இதுதான் மொகம். மொகத்துலதான் பொட்டு வெக்கோணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தாகிவிட்டது. அடுத்த வருடமும் அதே இடத்தில். அதற்கடுத்த வருடமும்.

அந்தப் பளபளப்பில்தான் எல்லாம் இருக்கும் என்று எனக்கு நினைப்பு; தூக்கம் போயிற்று. பிரவுசிங் சென்டர் ஒன்றில் கொடுத்து அதற்கு ஒரு நகல் சிடி எடுத்து வைத்துக்கொண்டேன். ஆயுத பூஜை வந்தது. ஒன்றுக்குப் பொட்டு வைத்து இன்னொன்றை விட்டுவிட்டால் அது ஒரு குறையாகிவிடுமோ என்று அந்தக் கவலை வேறு. மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டு, "இதுக்கும் வைங்க, ஆனா பளபளப்பு பக்கம் வேண்டாங்க, எழுத்து பக்கம் வைங்க" என்றேன். "உனக்கு மட்டும் சாமி தலைகீழா நிக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே வைத்தார்.

வருடங்கள் போயின. எக்ஸ்பியை எல்லோரும் கைவிட்டார்கள். பாய் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார், புது சாப்ட்வேர் வாங்கினார், அது வேறு கம்பெனியுடையது. பழைய டிசைன்களில் ஊசிக் கணக்கு மட்டும் உள்ளதை அது திறந்தது. வரைந்த கோடுகள் உள்ள மூல பைலை அதற்குத் தெரியாது. நானும் புதுசுக்குப் பழகிவிட்டேன். பழையதைப் பெட்ஷீட் போட்டு மூடினேன். அயர்ன் மாஸ்டர் வயதாகி, தன் மகன் வீட்டுக்கே போய்விட்டார். பாயம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் டீ கிளாஸ் தளும்பியது. பிறகு பேனா பிடிக்க முடியாமல் போயிற்று.

போன வருடம் அந்தப் பெண்ணுக்கு நிக்காஹ் முடிவாயிற்று. பாயம்மா கம்பெனிக்கு வந்தார். கையில் மஞ்சளடித்துப் போன அந்தச் சின்னக் கவுன்.

"நிக்காஹ் அன்னிக்கு அவ தலையில போடற முக்காட்டுக்கு இந்தக் கொடிதான் வேணும் கண்ணு. சுத்தியும். பெருசா."

பெண் பின்னாலேயே வந்திருந்தாள். "அம்மா, போட்டோ எடுத்துக் குடுத்தா யாரு வேணாலும் போட்டுத் தருவாங்க. அக்காவை ஏன் படுத்தறீங்க?"

"உனக்குப் போட்டோவுல அம்மா இருந்தாப் போதுமா? சும்மா இரு."

போட்டோவிலிருந்தும் செய்து பார்த்தேன். கவுனை வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, புது சாப்ட்வேரில் கொடுத்தால் அதுவே பஞ்சிங் செய்துவிடும். செய்தது. பாயம்மா சாம்பிள் துணியை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இது என்ற கொடி இல்ல. பாவக்காக் கொடி."

ஊசிக் கணக்கு மட்டும் உள்ள பழைய பைலைத் திறந்து பெரிதாக்கினேன். குழந்தைக் கவுன் விளிம்புக்கு எத்தனை குத்தோ அத்தனை குத்துத்தான் அதில் இருந்தது. இழுத்துப் பெரிதாக்கியதும் நூலுக்கு நூல் இடைவெளி விழுந்து, பல்லு போன சீப்பு மாதிரி ஆனது. கொடியை எவ்வளவு பெரிதாக்கினாலும் குத்துக்களைப் புதிதாகக் கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்றால் மூல பைல் வேண்டும். அது அந்த மூலைக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் திறக்கக் கோவைக்கொடி பிறந்த அதே இரண்டாம் வெர்ஷன் வேண்டும்.

அட்டையில் வரைந்தது எப்போதோ போய்விட்டது. "மறுக்கா வரைஞ்சு தரட்டுமான்னு கேக்க மாட்டேன்" என்றார் பாயம்மா. அவர் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. "அதுல இருக்கறதுதான் என்ற கை. அதை எடுத்துக் குடு."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெட்ஷீட்டை எடுத்து பட்டனை அமுக்கினேன். விசிறி சுற்றியது. ராகம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி வந்து நின்றது. இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

மெக்கானிக் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். எங்கள் தெருவில் கடை. பெட்டியைத் திறந்ததும் தும்மினார். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி.

"பனியன் தூசிதானக்கா இது, இதை வச்சே ரெண்டு பனியன் நெய்யலாம். போர்டு போயிட்டு. ஆனா டிஸ்க் உயிரோட கிடக்கு. உங்க பைலை எடுத்துத் தந்துருதேன்."

எடுத்துத் தந்துவிட்டார். கோவைக்கொடி ஒரு பென்டிரைவில் என் கைக்கு வந்தது. அதைத் திறக்கத்தான் ஒன்றும் இல்லை. ஆபீஸ் அறையில் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் நான், மெக்கானிக், ஸ்டூலில் பாயம்மா என்று உட்கார்ந்தோம். கடைக்குப் போகாமல் இங்கேயே பார்க்கச் சொன்னது பாயம்மாதான். பழைய டிஸ்கில் இருந்த சாப்ட்வேர் போல்டரை அப்படியே புதுசில் போட்டுத் தட்டிப் பார்த்தார் மெக்கானிக். இந்த வெர்ஷன் உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தாது என்று பெட்டி வந்தது.

"இது அறுவத்தி நாலு பிட்டு. உங்க சாப்ட்வேர் அதுக்கு முந்தின காலத்து ஆளு. ரெண்டு பேருக்கும் பாஷை புரியாது."

"வேற வழி இல்லீங்களா?"

"இன்னொரு வழி இருக்கு. புதுசை எக்ஸ்பி மாதிரி நடிக்கச் சொல்லலாம். அதுக்குன்னு ஒரு செட்டிங் உண்டு."

பாயம்மா குறுக்கே வந்தார். "நடிக்கறவனை நம்பி நிக்காஹ் துணியக் குடுக்கறதா?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே செட்டிங்கை மாற்றினார். நடிப்பும் எடுபடவில்லை. அப்புறம்தான் இன்னொரு விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த சாப்ட்வேருக்கு ஒரு லாக் உண்டு. கம்ப்யூட்டரின் முதுகில் சொருகுகிற, தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் கட்டை. அது இருந்தால்தான் திறக்கும். கட்டை என்னிடம் இருந்தது, துணியில் சுற்றி, பீரோவில். அதைச் சொருகும் நீள வாய் புதுக் கம்ப்யூட்டரில் கிடையாது.

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். மூன்று வழி சொன்னார். மூன்றாம் வெர்ஷன் வைத்திருக்கிறவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், அது விண்டோஸ் ஏழில் ஓடும், பழைய பைலையும் மாற்றித் திறக்கும். இல்லையென்றால் இரண்டரை என்று ஒன்று வந்தது, அது கிடைப்பது சிரமம். அதுவும் இல்லையென்றால் நீள வாயுள்ள பழைய பெட்டி ஒன்றைத் தேடி, எக்ஸ்பி போட்டு, இரண்டாம் வெர்ஷனையே ஏற்ற வேண்டும்.

"புதுசா இருக்கறதுதானே நல்லது? மூணுக்கே போவோங்க" என்றேன். இரண்டைவிட மூன்று பெரியது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே.

மூன்றாம் வெர்ஷன்காரரிடம் நானும் பாயம்மாவும் போனோம். பைலைத் தட்டியதும், பழைய அமைப்பிலிருந்து மாற்றட்டுமா, மாற்றினால் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது என்று மஞ்சள் முக்கோணம் கேட்டது. எனக்கு விரல் இறங்கவில்லை. பென்டிரைவில் இன்னொரு நகல் போட்டுக்கொண்டு, அதற்கும் ஒரு நகல் போட்டுக்கொண்டு, பிறகுதான் சரி கொடுத்தேன். கொடி வந்தது. இலை, பழம், பற்றுக்கம்பி எல்லாம் அளவு மாறாமல் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாயம்மாவுக்கு வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா எலைக்கும் எண்ணெய் வச்சு வகிடெடுத்துச் சீவி உட்டாப்ல இருக்குது."

அவர் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். ஒவ்வோர் இலைக்கும் நாங்கள் போட்ட சாய்வுக் கோடுகளை மூன்றாம் வெர்ஷன் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா இலையிலும் நூல் ஒரே திசையில் ஓடியது. வெளிக்கோடு அவருடையது. உள்ளே இருந்த வெயிலைக் காணோம்.

"இதுவே போதும்னு சொல்லிருவேன் கண்ணு" என்றார் திரும்பி வரும்போது. "நீ படற பாட்டைப் பாத்தா சொல்லிரலாம்னுதான் தோணுது. ஆனா அவ புருசன் ஊட்டுக்குப் போயி முக்காட்டை மடிச்சு பீரோவுல வெக்கறப்ப, இது எங்கம்மா போட்டதுன்னு தடவிப் பாக்கோணுமில்ல? இதைத் தடவினா ஒண்ணும் தட்டுப்படாது."

எனக்கு அழுகை வந்தது. நிக்காஹுக்கு இருந்த நாட்கள் குறைவு. ஆட்டோவில் வரும்போதே மெக்கானிக்குக் கூப்பிட்டு, பழைய பெட்டி தேடச் சொன்னேன்.

மெக்கானிக் எங்கிருந்தோ ஒன்றைப் பிடித்து, முதுகில் நீள வாயோடு, ஆபீஸ் அறைக்கே கொண்டுவந்துவிட்டார்; பாயம்மாவும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "எக்ஸ்பி நான் போட்டுருதேன். பழைய டிஸ்குல உள்ள சாப்ட்வேரை அப்படியே தூக்கி வச்சா ஓடாதுக்கா. முறையா இன்ஸ்டால் பண்ணணும். சிடி இருக்கா?"

"ரெண்டு இருக்குதுங்க" என்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கு ஒரு தைரியம் வந்தது. எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்ததுதானே.

நகல் சிடியை முதலில் எடுத்தேன், அதுதான் பத்திரமானது என்று. எழுத்துப் பக்கத்தில் சந்தனம் காய்ந்து ஓடாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம் பெயர்ந்தது. அதோடு சேர்ந்து வெள்ளி நிறத்தில் ஒரு தோலும் பெயர்ந்து வந்தது. சிடியில் ஓர் ஓட்டை விழுந்து, அந்த வழியாகப் பாயம்மாவின் முகம் தெரிந்தது.

"ஐயோ, என்னக்கா பண்ணிட்டீங்க?" மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். "எழுதியிருக்க பக்கத்துலதான் இதுக்கு உயிரு. அந்த வெள்ளித் தோல்லதான் எல்லாம் இருக்கும். பளபளன்னு இருக்கது சும்மா கண்ணாடி மாதிரி."

அதாவது மாஸ்டர் பொட்டு வைத்தது கண்ணாடியில். நான் பார்த்துப் பார்த்து வைக்கச் சொன்னது உயிரில்.

இப்போது ஒரே ஒரு சிடி. வருடா வருடம் முகத்தில் பொட்டு வாங்கியது. டிரைவில் போட்டதும் அது கரகரவென்று சுற்றி, நின்று, வாயைத் திறந்து சிடியை வெளியே தள்ளியது. மெக்கானிக் கையை விரித்தார். "கழுவிப் பாக்க வேண்டியதுதான்."

"தண்ணியிலயா?" சிடியை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"குடு இங்க" என்றார் பாயம்மா.

"நான் கழுவறனுங்க. உங்க கை..."

"உன்ற கை மட்டும் என்ன? பாரு, என்னையவிட ஆடுது."

பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆபீஸ் அறைக்கு வெளியே உள்ள குழாயடிக்குப் போனோம். பாயம்மா சிடியை நீரில் காட்டினார். சந்தனம் ஊறட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றார். மஞ்சளாகக் கரைந்து, குங்குமம் சிவப்பாகக் கரைந்து, தொட்டியில் ஓடியது. மாஸ்டர் வைத்த பொட்டெல்லாம் ஒன்றாக ஓடியது. வாசனை இன்னும் இருந்தது. அந்த வாசனையில் பொரிப் பொட்டலமும், வாசலில் மாற்றுச் சட்டையோடு நிற்கும் பாயும், திரையின் தலையில் டீ கிளாஸும் ஒரு நிமிஷம் வந்து போயின.

"சுத்திச் சுத்தித் தொடைக்காதீங்கம்மா" என்று பின்னாலிருந்து மெக்கானிக் சொன்னார். "நடுவுல இருந்து வெளிய பாத்து, நேரா."

பனியன் வேஸ்ட் துண்டு ஒன்றை எடுத்து, நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று துடைத்தார். கை நடுங்கியது. அதனால் நீளமாக இழுக்க முடியவில்லை. துளித்துளியாகத்தான் துடைத்தார். நான் இரண்டு கைகளையும் கீழே ஏந்திக்கொண்டு நின்றேன், விழுந்தால் பிடிக்க. அவர் சிரித்தார்.

"கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தறப்பவும் நீ இப்படித்தான் கைய ஏந்திட்டு நின்னே."

டிரைவ் சிடியைப் படிக்கத் தொடங்கியது. முக்கால்வாசி போய் நின்றது. மறுபடி கழுவினோம். இந்த முறை பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போனது. மூன்று பேரும் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் சிவப்பு வட்டம் வந்தது. லாக் இல்லையாம். லாக் முதுகில் சொருகித்தான் இருந்தது. அது செத்துப்போய்விட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். பீரோவில் பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் வைத்தது தப்பு என்றும் முடிவு கட்டினேன்.

"லுஹர் தொழுதுட்டு வந்தர்றேன்" என்று பாயம்மா எழுந்தார். "அதுக்குள்ள நீ அழுது முடிச்சுரு."

மெக்கானிக் பதற்றமே இல்லாமல் வேலை பார்த்தார். லாக்கைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்த டிரைவர் என்று ஒரு புரோகிராம் வேண்டும், புதுசைப் போட்டால் பழைய லாக்கைக் கண்டுகொள்ளாது என்று வேறொன்றைப் போட்டார். அப்போதும் இல்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தவர், "எக்ஸ்பியே புதுசாப் போயிட்டு" என்றார். எக்ஸ்பிக்கும் திருத்தங்கள் முதல் பேக், இரண்டாவது பேக், மூன்றாவது பேக் என்று வந்ததாம். அவர் போட்டது மூன்றாவது. "உங்க சாப்ட்வேர் வந்த காலத்துல ரெண்டாவதுதான். சரியா அந்த வயசுலயே நிறுத்திருவோம்." எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து போட்டார். அழிக்கிறேன் என்று அவர் சொன்னபோது நான் பென்டிரைவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பாயம்மா திரும்பி வந்தபோது அந்த ராகம் கேட்டது. பச்சை மேடு, நீல வானம். எத்தனை காலைகளில் கேட்டது அது. பாய் ஆபீஸ் கதவில் வந்து நின்று, "இது இன்னும் உசுரோடயா இருக்குது?" என்றார்.

பென்டிரைவைச் சொருகினேன். லாக் இல்லை என்ற சிவப்பு வட்டம் இந்த முறை வரவில்லை; இரண்டாம் வெர்ஷன் எதுவும் கேட்கவில்லை. மாற்றட்டுமா, வேண்டாமா என்று ஒன்றும் இல்லை. கொடியைத் திறந்தது. வேலியில் ஏறுகிற மாதிரி இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலையாகத் திரையில் வந்தது. ஒவ்வோர் இலைக்குள்ளும் ஒரு சாய்வுக் கோடு. சில கோடுகள் நான் போட்டவை, கொஞ்சம் பயந்து பயந்து. சில, என் கைமேல் கை வைத்து அவர் போட்டவை. அவை சட்டென்று போய் நிற்கும். எது எது என்று எனக்குத் தெரிந்தது.

பாயம்மா கிட்ட வந்தார். திரையருகே விரலைக் கொண்டுபோனார். விரல் நடுங்கியபடியே கொடியின் மேல் நகர்ந்து, ஓர் இடத்தில் நின்றது.

"இது இன்னும் தூங்குது."

அந்த ஓர் இலை. காய்ச்சல் நாளில் விட்டுப்போனது.

"இருக்கட்டுங்க" என்றேன். "இத்தனை கஷ்டப்பட்டு அப்படியே கெடைச்சிருக்குது. அப்படியே பெருசாக்கிப் போட்டர்றனுங்க. தொடவே பயமா இருக்குது."

"கவுனு போட்டப்பத் தூங்குச்சு. நிக்காஹ் அன்னிக்குமா தூங்கும்? எழுப்பு."

பாய் கதவருகே நின்று சிரித்தார். மெக்கானிக் நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார். நான் பைலுக்கு ஒரு நகல் போட்டுவிட்டுத்தான் மௌஸைத் தொட்டேன். பாயம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, பழையபடி என் கைமேல் அவர் கையை வைத்தார். அவர் கை ஆட, என் கை ஆட, திரையில் அந்தச் சாய்வுக் கோடும் ஆடியது. இரண்டு பேரும் கொஞ்சம் பொறுத்தோம். ஆட்டம் ஒரு கணம் ஓய்ந்த இடத்தில் விட்டோம். நூல் திரும்பியது. இலை மேலே பார்த்தது.

முக்காட்டு அளவுக்குக் கொடியை இழுத்தேன். கம்ப்யூட்டர் குத்துக்களைப் புதிதாகக் கணக்குப் போட்டது. ஓர் இடைவெளி விழவில்லை. மூடப் போனபோது பெட்டி ஒன்று வந்தது. பழகிய முகம்தான். இருந்தாலும் விரல் நின்றுவிட்டது.

"என்ன கேக்குது?" என்றார் பாயம்மா.

"மாத்தினதை வச்சுக்கட்டுமான்னு கேக்குதுங்க."

"அதுக்கு எதுக்கு என்ற மொகத்தைப் பாக்கறே? அமுக்கு."

அமுக்கினேன். பிறகு பென்டிரைவை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போனேன். மிஷின் இப்போது பக்கத்து அறையில்தான். பத்தடி தூரம். கைக்குட்டையில் சுற்றித்தான் கொண்டுபோனேன்.